முப்பதைத் தாண்டினால்

ஷார்ஜா, காலித் துறைமுகம். காலை ஆறு நாற்பது.
கண்டெய்னரின் சீலை வெட்டுகிறான் குல் ஸமீர்.
முதலில் இறங்குவது வண்டியல்ல,
வாடை.
வேறு நாட்டு மழையில் ஊறிய தரைவிரிப்பு,
கெட்டுப்போன பெட்ரோல்,
எங்கோ ஒரு செத்த எலி.

என் வேலை எண் பார்ப்பது.
தாளில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும்
ஒன்றென்றால் கையெழுத்து.
இல்லையென்றால் வந்த கடலிலேயே திரும்ப வேண்டும்,
டெட்ராய்ட்டில் பிறந்த மகாராணியே ஆனாலும்.

எங்கள் கவுண்டரில் ஒரு வாய்ப்பாடு உண்டு.
பத்து வயதுக்குள் இருந்தால் வண்டி.
முப்பதைத் தாண்டினால் கிளாசிக்.
நடுவில் மாட்டிக்கொண்டது வெறும் பழசு,
அதற்கு வாசலில்லை.

நான் வந்து இறங்கியபோது இருபத்து மூன்று.
வரும் ஆவணியில் அறுபது.
விசாவை என்ன செய்வதென்று
ஆபீஸ் பையன் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் ஒரு இம்பாலா,
ஐம்பத்தொன்பதாம் வருடத்தது,
பின்பக்கம் வவ்வால்போல் விரிந்திருந்தது.
சீட்டுக்கடியில் ஓக்லஹோமாவில் எழுதிய
பார்க்கிங் அபராதச் சீட்டு, ஒரு டாலர்.
கட்டவில்லை.
கட்டப்போகிறவர் எவரும் மிச்சமில்லை.
மதிப்புப் பட்டியலில் கடனுக்கு வரியில்லை என்பதால்
மடித்து வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஹம்தான் பின் கல்ஃபான் வாங்குவது
லேண்ட் ரோவர் மட்டும்.
மால்டாவிலிருந்து ஒன்று, மொம்பாசாவிலிருந்து இரண்டு,
ஆஸ்திரேலிய ஆட்டுப்பண்ணையிலிருந்து
கதவே இல்லாமல் ஒன்று.
அவர் அப்பாவின் வண்டி பாய்மரக் கப்பலில் வந்ததாம்.
இரண்டு பேரீச்சந்தண்டு, ஒரு கயிறு,
கத்திக்கொண்டே இறக்கிய முப்பது பேர்.
சாலைக்கு முன்பே வந்துவிட்ட வண்டி.
முதல் நாளே பெட்ரோல் தீர்ந்தது,
அடுத்த பீப்பாய் வரப் பதினேழு நாள்.
அதுவரை ஆடுகள் அதில் தூங்கின.
பிறகு ஏதோ ஒரு கடனுக்கு
லிங்காவிலிருந்து வந்த வியாபாரி ஓட்டிப்போனார்.
மகனிடம் மிஞ்சியது கடைசி மூன்று இலக்கம்:
நானூற்றுப் பதினேழு.

ஒவ்வொரு வண்டிக்கும் அவரே வருவார்.
நான் வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பேன்,
அவர் கந்தூராவைச் சுருட்டிக்கொண்டு என்னருகில் குந்துவார்.
இருநூற்று எட்டு. தொள்ளாயிரத்து ஆறு.
ஒருமுறை நானூற்றுப் பதினொன்று.
அன்று அவர் டீ வாங்கிக் கொடுத்தார்,
ஏதோ சொந்தக்காரரைப் பார்த்துவிட்டவர்போல.

வாய்ப்பாட்டை அவரிடம் சொன்னதுண்டு.
"அப்படியானால் நீ எப்போதோ கிளாசிக், அருளப்பா" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
மறுநாள் மெடிக்கலில் ரத்தம் எடுத்தார்கள்.

இன்றைய கண்டெய்னர் சவுத்தாம்ப்டனிலிருந்து.
முன்னால் ஒரு ஜாகுவார், நான்கு சக்கரத்துக்கும் மரக்கட்டை.
அதன் முதுகுக்குப் பின்னால்
போர்வை சுற்றி, சுவரோடு கட்டப்பட்டு
ஒரு மோட்டார் சைக்கிள்.
டேங்க் காலி. பேட்டரி இல்லை.
ஸ்பீடோமீட்டர் மைலில் நின்றிருக்கிறது.

குல் ஸமீர் போர்வையை உருவினான்.
புல்லட்.

ஹேண்டிலுக்குக் கீழே எண் தெரியவில்லை,
ஆங்கிலேயன் அதன்மேல் மூன்று கோட் பெயிண்ட் அடித்திருந்தான்.
தாளை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.
இலக்கங்கள் ஒவ்வொன்றாக
வெள்ளையாக எழுந்து வந்தன.

படிவத்தை நிரப்பினேன்.
ஏற்றிய நாடு: பிரிட்டன்.
செய்த நாடு: இந்தியா.
செய்த இடம்: மெட்ராஸ்.
இறங்கும் நாடு: இது.
திரும்பும் நாள் என்றொரு கட்டம்
வண்டிப் படிவத்தில் கிடையாது.
என்னுடையதில் உண்டு.

"உங்க ஊர் வண்டியா?" என்றான் குல் ஸமீர்.

திருவொற்றியூர். நான் ஃபிட்டர் படித்த ஐ.டி.ஐ.க்கு
இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி அந்த மதில்.
ஷிப்ட் முடியும் நேரம் எட்டாம் நம்பர் பஸ்ஸில்
நிற்கக்கூட இடமிருக்காது.
வேலை கேட்டு இரண்டு தரம் எழுதிப்போட்டேன்.
எடுத்தது இதை, என்னையல்ல.

அவனிடம் சொன்னது அவ்வளவும் இல்லை.
"ஆமாம்" என்றேன்.

"அப்போ தெரிஞ்சவன்தான். கையெழுத்துப் போட்டுடு."

"இரு" என்றேன்.
"எஞ்சின் எண் இன்னும் பார்க்கலை."