வாழ்நாள் சான்றிதழ்

நவம்பர் பிறந்ததும் வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது.
ஓய்வூதியர் சுபேதார் ஏசுவடியான்
தாம் உயிரோடிருப்பதை
முப்பதாம் தேதிக்குள் நிரூபிக்க வேண்டுமாம்.

தாத்தா ஆகஸ்டிலேயே போய்விட்டார், தொண்ணூற்று மூன்றில்.
வெலிங்டனில் மூன்று நாள் விடாத மழை.
மண் சரிந்து சரிந்து குழி தூர்ந்துபோக
மாசிலாமணி இரண்டு முறை வெட்டினான்.
அவன் நடுங்கவில்லை.
குடிக்காத தாத்தா மாதாமாதம்
கேன்டீனில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ரம்
இருபது வருடமாக அவன் வீட்டுக்குத்தான் போனது.
"எனக்கு வெட்டுறவனுக்குக் குளிரக் கூடாதுல்ல."
ஆயர் ஒருமுறை கண்டித்தபோது
இடது காதைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் காது
அறுபத்தைந்தில் ஒரு கால்வாய்க் கரையில் போனது.
அதைப்பற்றி அவ்வளவுதான் சொல்வார். போச்சு.
ஞாயிறு ஏழரை ஆராதனைக்கு
ஓட்டுப்பட்டறை ஏற்றத்தில் ஆறரைக்கே கிளம்பி
(காட்டெருமை நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டுமே)
மூன்றாவது பெஞ்சு, தூணோரம்,
கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு.
ஆர்கன் அவரை மெதுவாகத்தான் எட்டும்.
சபை ஒரு வரியை முடித்தபின்
அதன் கடைசிச் சொல்லைத் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார்.
பாடகர் குழுப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
பிறகு, எந்த வருடமென்று தெரியவில்லை,
ஆர்கன் வாசிக்கும் மெர்சி டீச்சர்
வரிக்கு வரி கொஞ்சம் நிறுத்தத் தொடங்கினார்.
மாற்றலாகி வந்த புதுக் குடும்பங்கள்
இந்தக் கோவிலில் எல்லாமே இழுவை என்றன.

பதக்கங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில், சட்டைப் பொத்தான்களோடு.
ஒன்றின் நாடாவை மட்டும் கத்தரித்து
வேதப் புத்தகத்தில் அடையாளமாக வைத்திருந்தார்.
அது கிடப்பது எல்லோரும் தாண்டிப்போகும் பக்கங்களில்:
இன்னாருக்கு மகன் இன்னார்,
இன்னார் கோத்திரத்தில் இத்தனை பேர்.
இரவு ஜெபத்தில் அதை ரோல்கால் எடுப்பதுபோல வாசிப்பார்.
முடிவில், குரல் மாறாமல்,
கொச்சுகுஞ்ஞு. வீரண்ணா. பால்துரை. அப்பலசாமி.
பிறகு புத்தகத்தை மூடுவார்.

எட்டு வயதில் ஓய்வுநாள் பள்ளியில்
கோத்திரத் தலைவர்களில் ஒருவரைச் சொல் என்றார்கள்.
நான் எழுந்து நின்று அப்பலசாமி என்றேன்.
அடி விழவில்லை, சிரிப்புதான் விழுந்தது.
அழுதுகொண்டே வந்து சொன்னேன்.
தாத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம், "அவன் கேட்டிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பான்" என்று
டப்பாவைத் திறந்து எனக்கொரு வர்க்கி எடுத்துத் தந்தார்.

புதன்கிழமைகளில் பெண்கள் வருவார்கள்,
கேத்தியிலிருந்து, அரவங்காட்டிலிருந்து,
மஞ்சள் பையில் கணவனின் காகிதங்களோடு.
படிவங்களைத் தாத்தா நிரப்புவார்.
'இறப்புக்கான காரணம்' என்ற கட்டம் வந்தால்
பேனாவை வைத்துவிட்டு
டீ போடச் சொல்வார்.

கடைசி மூன்று நவம்பரும் நான்தான் வங்கிக்கு அழைத்துப் போனேன்.
ரேகை தேய்ந்துவிட்டதாம், இயந்திரம் ஏற்கவில்லை.
கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறு கை.
சிவப்பு. சிவப்பு.
"நான் இருக்கேனான்னு அதுக்கே சந்தேகம்"
என்று விரலைத் தலைமயிரில் தேய்த்து
எண்ணெய் ஏற்றி மறுபடி வைப்பார்.
நடுவில், பின்னால் நிற்பவர்களை
முன்னே போகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.
எட்டாம் முறையோ ஒன்பதாம் முறையோ பச்சை.
வரிசை முழுக்கக் கைதட்டிய வருடமும் உண்டு.

இன்று கணக்கை முடிக்கப் போனேன்.
உறவுமுறை: பேத்தி.
இறப்புக்கான காரணம்:
பேனாவை வைத்தேன்.
பின்னாலிருந்தவர் இருமினார்.
முதுமை என்று எழுதினேன்.
விரலை வைங்க மேடம் என்றாள் அந்தப் பெண்.

முதல் தொடுதலிலேயே பச்சை.