முகவாய்

கீழ்த்தாடையின் வலப்பாதி.
கண்டெடுத்தவன் எலிம்லிம்.
துர்க்கானா ஏரிக்கு மேற்கே
நீர் மறந்துபோன ஓடைக்கு
ஒன்றுக்கு ஒதுங்கியவன்
வந்த அவசரத்தை விட்டுவிட்டுக்
குந்தி உட்கார்ந்துவிட்டான்.

நான் ஒட்டுகிறவள்.
நைரோபிப் பல்மருத்துவர் கழித்த ஊசிகள்,
ஒரு தட்டு மணல், அசிட்டோன் நெடி.
எலும்பின் வயது என் வேலையில்லை.
எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும்,
அவ்வளவுதான்.

கூடாரத்தில் இரண்டு பேருக்குச் சண்டை.
கடைவாய்ப் பற்கள் சிறியவை,
நம் ஆள்தான் என்றார் ஒருவர்.
முகவாய் எங்கே என்றார் மற்றவர்.
மண்டையை நம்பாதே,
பனிநாட்டில் வாழ்ந்து மறைந்த பங்காளிகளில்
நம்மைவிடப் பெரிய மண்டைக்காரர் உண்டு.
நெருப்பு அவர்களிடமும் இருந்தது.
செத்தவரைக் குழியில் கிடத்தவும் தெரிந்திருந்தது.
உதட்டுக்குக் கீழே
இப்படித் துருத்தும் ஒரு கட்டை எலும்பு மட்டும்
நம்மிடம்தான்.

எதற்கு என்று கேட்டேன்.
மெல்வதற்கா? அப்படித் தெரியவில்லை.
பேசவா? உறுதியில்லை.
முகம் உள்வாங்கிச் சுருங்கியபோது
கடல் வற்றித் தெரியும் பாறைபோல
மிஞ்சியதோ என்னவோ.
தெரியாது என்று அவர் சொன்னபோது
சொறிந்துகொண்டிருந்தது
தன் முகவாயைத்தான்.

கெஞ்ச வருகிறவர் பிடிக்கவும்
நொடித்துத் தோளில் இடிக்கவும்
துக்கத்தில் கை வந்து தாங்கவும் என்றா
முளைத்திருக்கும்?
எலும்புக்கு அவ்வளவு முன்யோசனை கிடையாது.

எங்கள் பாதித்தாடை
கோரைப்பல்லோடு முறிந்திருந்தது,
பெயரைக் கேட்டதும்
வாயை மூடிக்கொண்ட சாட்சிபோல.

பதினொரு நாள் சலித்தோம்.
மீன் முள், முதலைப் பல்,
ஆமை ஓட்டுச் சில்லு,
யாரோ போன வருடம் தொலைத்த சட்டைப் பித்தான்.
வெள்ளாடுகள் முள்மர நிழலில் இரைத்தன.
முகாம் நாய் நாக்கைத் தொங்கவிட்டுச்
செத்ததுபோல் கிடந்தது.
நாங்கள் மட்டும் உச்சிவெயிலில்
தலைமுதல் கால்வரை ஒழுகிக்கொண்டு
நடந்துகொண்டே இருந்தோம்.
மயிர் உதிர்த்து வாங்கிய வரம் இது
என்றார் மண்டையை நம்பாதவர்.
வரமாம்.
எலிம்லிம் நெற்றியை வழித்துச் சுண்டினான்.
மண்ணில் விழுமுன் அது காய்ந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் இரவு
ஏரிக்காற்று கூடாரத்தை உலுக்கியது.
சல்லடைக்காரி நாபெயோக்
கூலி பாக்கியைப் பற்றி
எலிம்லிமோடு வழக்காடிக்கொண்டிருந்தாள்.
அவள் மகள் அமோனிக்கு இரண்டு வயது.
உள்ளங்கையில் ஒரு வண்டு,
காட்டியே ஆகவேண்டும்.
அம்மா என்றாள். பதிலில்லை.
கழுத்து மணிகளை இழுத்தாள்.
தட்டிவிட்டது கை.
மடியில் ஏறி நின்றாள்.
கட்டைவிரலை அம்மாவின் உதட்டுக்குக் கீழே வைத்து
மற்ற நான்கையும் அடியில் கொடுத்து
கதவைத் திறப்பதுபோல
முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

நாபெயோக் பார்த்தாள்.
அடேயப்பா, எவ்வளவு பெரிய வண்டு
என்று அவர்கள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.
கூலி பாக்கி அப்படியே நின்றது.
வண்டு பறந்துவிட்டது, அது வேறு விஷயம்.

நான் விஞ்ஞானி இல்லை.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
குரங்குக்குட்டியும் தாயின் முகத்தை
எப்படியோ திருப்பத்தான் செய்யும்,
மயிரைப் பிடித்தோ, காதைப் பிடித்தோ.

காலையில் பெட்டி கட்டினேன்.
சீட்டில் எண், ஓடையின் பெயர்,
இனம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.
லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
பஞ்சை மூடுமுன்
முறிவுக்கு அப்பால்
ஒன்றுமில்லாத இடத்தில்
கட்டைவிரலை வைத்து
நான்கு விரலையும் அடியில் கொடுத்து
ஒருமுறை பிடித்துப் பார்த்தேன்.