தோன்றா எழுவாய்

ராதாபுரம் தாலுகா ஆபீஸில்
மூன்றாவது மேஜை என்னுடையது.
மின்விசிறிக் காற்று எட்டாது.
மதியம் ஓர் அறிக்கை வந்தது,
ஒன்றரைப் பக்கம், பச்சை மையில் திருத்தங்கள்.
அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

'கனமழை காரணமாக
மேற்படி கழிவுக்குட்டையின் கரை உடைந்தது.'

உடைந்தது.
பாளையங்கோட்டையில் ஜெஸிந்தா டீச்சர்
இதைத் தன்வினை என்பார்.
காய் உதிர்ந்தது. பானை உடைந்தது.
பானையைப் போட்டவன்
வாக்கியத்துக்கு வெளியே நின்று
கையைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

கரை எப்படி எழும்பியது என்று
கீழச்சடையநேரியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ.
எம்-சாண்ட் கழுவிய சேற்றைத் தேக்க
முதலில் பதினைந்து அடி.
காவல்கிணறு வழியே லாரிகள் கூடக் கூட
அதே சேற்றைக் காயவைத்து
அதன்மேலேயே இன்னொரு பதினைந்து.
போன சித்திரையில் மறுபடியும்.
கரையும் சேறு, கரைக்குள்ளேயும் சேறு,
எது எதைத் தாங்கியது என்று சேற்றுக்கே தெரியாது.

ஐப்பசி பத்தொன்பது, இரவு பன்னிரண்டே கால்.
வாட்ச்மேன் பலவேசம் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்.
கரையின் அடியில் சைக்கிள் ட்யூப் பருமனுக்கு
ஒரு கசிவு. தெளிவாக இல்லை, கலங்கல்.
மேனேஜருக்கு நாலு முறை போன்.
நாலாவதில் எடுத்தவர் சொன்னது:
'காலையில பாப்போம் வே.'

காலையில் பார்த்தார்கள்.
குளம் இருந்த இடத்தில்
சிமெண்ட் நிறத்தில் ஒரு மைதானம்.
பஸ் நிழற்குடையின் கூரை மட்டும் வெளியே,
அதன்மேல் ஒரு வெள்ளாடு.
ஓடையோரம் மூன்று வீடுகளைக் காணவில்லை.
வெயிலுகந்தாள் அன்றைக்கு முழித்திருந்தாள்,
கணக்குக்கு இருநூறு பீடி குறைந்ததால்.
ஜேசிபியை நிறுத்திவிட்டுக்
கையால்தான் தோண்டி எடுத்தார்கள்.
புருஷன் தளவாய் அந்தச் சேற்றில் உட்கார்ந்து
'ஏட்டி எந்திரி, எந்திரிட்டி' என்றே
பொழுதடையும் வரை.

அறிக்கையின் இரண்டாம் பத்தி.
'அனுமதி வழங்கப்பட்டது.'
'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.'
'உரிய முறையில் அறிவுறுத்தப்பட்டது.'
பட்டது, பட்டது, பட்டது.
பட்டவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும்.
பெயரோடு வருபவர் ஒருவரே:
'இரவுக் காவலர் பலவேசம், வயது 61,
பணியில் கவனக்குறைவாக இருந்தார்.'
எழுவாய் அகப்பட்டுவிட்டது,
மாதம் ஏழாயிரம் சம்பளத்தில்.

டீச்சர் இன்னொன்றும் சொல்லித் தந்திருக்கிறார்.
'வந்தேன்' என்றால் அதற்குள்
'நான்' ஒளிந்திருக்கிறது. தோன்றா எழுவாய்.
பீரோவில் தேடினேன். ஆறு வருடம் முந்திய
தடையின்மைச் சான்று, கரையான் அரித்த ஓரம்.
'அருகில் குடியிருப்புகள் ஏதுமில்லை.'
யாரோ போய்ப் பார்த்ததாக, யாரோ பரிந்துரைத்ததாக,
கையெழுத்துகள் எல்லாம் கோழி கிளறியதுபோல.
கீழே இடது மூலையில்
தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகள், சின்னதாக:
செ.அ.
செல்வ அமலி.

அன்றைக்குச் சம்பள நாளா, கிறிஸ்துமஸ் முந்திய வாரமா,
ஒன்றும் நினைவில்லை.
ஓடையோரம் ஆள் இருக்கிறதா என்று
யாரையும் கேட்கவில்லை.
அடித்தேன்.

இன்று அடிக்கும்போது
ந்-ஐ எடுத்துவிட்டு த் போட்டேன்.
கரை உடைத்தது.
இரண்டாம் வேற்றுமை தொக்கி நிற்கலாம், தப்பில்லை.
ஆனால் வாக்கியம் இனிச் சும்மா கிடக்காது,
யாரு, எது என்று
வாசிப்பவர் சட்டையைப் பிடிக்கும்.

ஐந்தரைக்குத் திரும்பி வந்தது.
அந்த ஓர் எழுத்தைச் சுற்றிப் பச்சை வட்டம்.
'எழுத்துப்பிழை. திருத்துக.'
கீழே முழுக் கையெழுத்து, தேதி, முத்திரை.
கோப்பு முழுவதும் புரட்டிப் பார்த்தேன்.
வேறெங்கும் அவர் பெயர்
இவ்வளவு தெளிவாக இல்லை.

பியூன் மாசானம் சாவிக்கொத்தோடு நிற்கிறான்.
'முடிஞ்சிட்டாக்கா?'

அதுவும் தன்வினைதான், தம்பி.
நீ லைட்டை அணைக்காதே.