பெரிய ற

அணைக்கட்டு தாலுகா ஆபீஸ் வாசல்,
புங்கமரத்தடியில் என் மடக்கு மேசை.
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய்,
ஸ்டாம்ப் தனி.

சடைச்சி வருவது இது மூன்றாம் தடவை.
பீஞ்சமந்தைக்கும் உள்ளே, ஜீப் ஏறாத ஊர்.
நேற்றே மலையிறங்கி
ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்து
முதல் பஸ்ஸில் வந்தார்களாம், அவளும் மகளும்.
தூக்குவாளியில் சாமைச்சோறு.

விடுதியில் இடம் இருக்கிறது,
சாதிச் சான்று இருந்தால்.
சாதிச் சான்று இருக்கிறது,
அப்பனின் பள்ளிச் சான்று இருந்தால்.
அப்பன் குடகில் மிளகு பறிக்கிறான்.
பள்ளிக்கூடத்தை அவன் பார்த்தது
ஓட்டுச்சாவடியாக மட்டும்.

"படிக்காதவன் புள்ள படிக்கணும்னா
அவன் படிச்சதுக்கு அத்தாட்சி கேக்குறாங்களே சாமி."

இதை அப்படியே எழுத முடியுமா?
மேற்படி, மேற்கண்ட, தாழ்மையுடன் என்று
ஓட்டிக்கொண்டிருந்தேன்.
எதிரில் நின்று தலைகீழாகவே
வாசித்துக்கொண்டிருந்த இந்துமதி
தாளில் விரலை வைத்தாள்.
"உண்டு உறைவிடப் பள்ளி.
உறைவிடத்துக்குப் பெரிய ற, சார்."

பதினோரு வருஷம்.
எத்தனை பிள்ளைகளைச் சின்ன ர-வோடு
உள்ளே அனுப்பியிருப்பேன்.
ஒரு ஆபீசரும் வாசித்ததில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
அதற்கும் பெரிய ற.

பேனாவை அவளிடம் கொடுத்தேன்.
அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்,
ஒரு மேற்படியும் இல்லாமல்.
சடைச்சி கட்டைவிரலை மையில் ஒற்றினாள்.

காசே வாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
இருபது வாங்கினேன்.

சாப்பிடப் போன ஆபீசர்
மூன்றரைக்கு வருவாராம்.
மலையடிக்குக் கடைசி பஸ் ஐந்துக்கு.