முதுகு காட்டும் மேசை

பகாவ் பெரிய சாலையில்
டயர் கடைக்கு மேலே எங்கள் கிளினிக்.
பதினேழு படி.
முதுகுவலிக்காரனுக்கு மாடியில் இடம் பிடித்த
புத்திசாலி யார் என்று
ஏறி வருகிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள்.
வாடகை குறைவு, என்பேன்.
உட்காருங்கள், என்பேன்.
சிலருக்கு அதுவும் முடியாது.

பேர் எழுதுவது, வெள்ளி வாங்குவது,
மேசைமேல் காகிதம் மாற்றுவது என் வேலை.
முகம் புதைக்க ஓட்டை வைத்த மேசை.
குப்புறப் படுத்தால்
தரை தெரியும்,
டாக்டர் கோகிலவாணியின் காலணி தெரியும்.
வேறொன்றும் தெரியாது.

முதுகில் பட்ட புண்ணுக்கு வெட்கி
உயிரை விட்டார்களாம் அந்தக் காலத்து ஆட்கள்.
இங்கே காலை ஒன்பது மணியிலிருந்து
எல்லோருக்கும் புறப்புண்தான்.
சட்டையைத் தூக்கிக்கொண்டு
வரிசையில் வருகிறார்கள்.

புதன்கிழமை லோசினி.
தடை தாண்டி ஓடுகிறவள்,
மாநிலத்துக்கு ஓடி இப்போது நாட்டுக்கு ஓடுகிறவள்.
ஐந்தாவது தடையில் மட்டும்
இடது இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம்.
ஒரு விநாடியை நூறாகக் கிழித்து
அதில் எட்டுத் துண்டைத் தொலைத்துவிட்டுத்
தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவளுக்கு அடுத்து ரஃபிக்குல்,
மூன்றாம் டிவிசனில் குலை வெட்டுகிறவன்.
நாற்பதடிச் செம்பனையை அண்ணாந்து அண்ணாந்து
கழுத்து மேலேயே நின்றுவிட்டது.
பேர் சொல்லிக் கூப்பிட்டால்
முழு உடம்போடு திரும்புவான்,
சந்துக்குள் லோரி திரும்புவதுபோல.

சனிக்கிழமை ஓடலாமா டாக்டர் என்றாள் அவள்.
பேசோக் போலே கெர்ஜா என்றான் இவன்,
நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று.
இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்:
முதலில் மூச்சை விடு.

படக்.

வெளியே காத்திருக்கிறவர்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.
எலும்பு இல்லைங்க, மூட்டுக்குள்ளே காற்று,
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
பிள்ளைக்குக் கண்ணேறு கழித்து
நெற்றிப்பொட்டில் விரல் நெரிப்போமே,
அந்த நெட்டிதான், கொஞ்சம் பெரிசு.

சன்னாசி வந்த நாள் வேறு மாதிரி.
முப்பது வருசம் மில் லோரி ஓட்டிய மனுசர்.
ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார்.
மற்றது ஒன்பதாம் படியில் கிடந்தது,
கழன்றது அவருக்குத் தெரியவில்லை.
டாக்டர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்,
பெருவிரலைத் தூக்கச் சொன்னார்.
தூக்கிவிட்டதாகத்தான் சன்னாசி நினைத்தார்.

மேசைக்குப் போகவே விடவில்லை.
கடிதம் எழுதினார்: சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி, இன்றைக்கே.
பதினேழு படி ஏறியிருக்கேன்,
ஒரு விரல்கூட வைக்கலையே என்று கத்தினார்.
நான் கை வைக்கக் கூடாத இடம் இது, அண்ணே.
அவ்வளவுதான் சொன்னார்.
என்னைப் பார்த்து, பணம் வேண்டாம் என்று தலையசைத்தார்.
செருப்பை எடுத்து வந்து நான்தான் மாட்டிவிட்டேன்.
மாட்டியாச்சா என்று
குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

சனிக்கிழமை லோசினி நான்காவது.
ஐந்தாவதில் பிடிக்கவில்லை,
எட்டாவதில் கால் தட்டிவிட்டது.
புதன்கிழமை மறுபடி வந்தாள்,
காலணியைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

ரஃபிக்குல் சாலையைக் கடந்ததை
ஜன்னலில் நின்று பார்த்தேன்.
வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான்,
கழுத்து மட்டும் திரும்பியது.
மழை வந்தால் திரும்பப் பிடிக்கும்
என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து
கீழே டயர் கடை வாசலில் ஒரு சத்தம்.
இடுப்பில் பெல்ட்டோடு சன்னாசி,
காலடியில் ஒரு பலாப்பழம்,
இரண்டு காலிலும் செருப்பு.
படி ஏறக் கூடாதாம் இன்னும்.
வந்து எடுத்துக்கோம்மா, டாக்டருக்கு!

இறங்கி ஓடினேன்.
குனிந்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து,
ஒரே மூச்சில் தூக்கப் போனேன்.

மேலே ஜன்னலிலிருந்து கோகிலவாணியும்
கீழே சன்னாசியும்
ஒரே நேரத்தில் கத்தினார்கள்:
முழங்காலை மடக்கித் தூக்கு!