மிச்சம்

புளியரை சோதனைச்சாவடி.
புனலூர் போகும் வைக்கோல் லாரி
ரிவர்ஸ் எடுத்ததில்
செவலை போயிற்று.

ஐந்து நாளாகப் பொட்டு தின்னவில்லை.
பரோட்டா, பால், ரசூல் கடை எலும்பு,
டாக்டர் எழுதிய டானிக்.
முகர்ந்துவிட்டுத் தார் ரோட்டையே பார்க்கும்.

டயர்களுக்கு மருந்தடிக்கிற வேலை எனக்கு.
ராத்திரி இரண்டு மணி, சாரல்.
அப்போதுதான் உறைத்தது:
இது ஒருநாளும் முதலில் தின்றதில்லை.
செவலை தின்று நகர்ந்தபின்
தட்டில் கிடப்பதைத்தான்.

ஈரத்தில் குந்தினேன்.
அதன் அலுமினியத் தட்டில் கைவிட்டு
பாதிச் சோற்றை நானே தின்றேன்.
உப்பில்லை.
தட்டைத் தள்ளிவிட்டு
செவலை மாதிரியே
திரும்பிப் பாராமல்
வந்து நின்ற வண்டிக்குப் போனேன்.

பின்னால்
தட்டு சிமெண்டில் உரசுகிற சத்தம்.

ஆறு சக்கரத்துக்கும்
இரண்டு தடவை அடித்தேன்,
டிரைவர் எட்டிப் பார்த்து
‘மதி, சேட்டா’ என்னும்வரை.