இதர சரக்கு

சுங்காய் இரவுச் சந்தையில்
காலுறைக் கடைக்கும் கெரோப்போ வறுப்பவனுக்கும் நடுவே
ஒரு சீன மாது அதைத் தட்டில் வைத்திருந்தாள்.
பெரிய வெங்காயம் என்று நினைத்துத்தான் விலை கேட்டேன்.
பன்னிரண்டு வெள்ளி என்றாள்.
கூடவே ஓர் அட்டை:
வெள்ளை இதழில் சிவப்புக் கோடு,
குழந்தை முகம் அளவுக்குப் பூ.
அமரில்லிஸ் என்றாள்,
பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல.

கழுத்து வெளியே தெரிய நட்டேன்.
குளிக்க உட்கார்ந்த ஆள் மாதிரி
தோள்வரை மண்ணோடு
பெயிண்ட் டின்னில் இருந்தது
எடைமேடை அறையின் ஜன்னலோரம்.
மூன்று வருஷம் இலை.
இலை, இலை, திரும்பவும் இலை.
லோரிப் புகையில் கறுத்து
ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்த இலை.

என் வேலை கழித்தல்.
குலைகளோடு உள்ளே வரும் லோரியின் எடை,
கொட்டிவிட்டு வெளியே போகும் லோரியின் எடை,
மிச்சம்தான் செம்பனை.
மிச்சமே காட்டாத ஒன்றுக்கு
மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"பட்டினி போடுங்கள்" என்றார்
துரோலாக் லோரி ஓட்டும் சம்சூரி.
"இந்த ஊர் மழை அதைத் தூங்க விடாது."

நவம்பரில் டின்னைப் படுக்கவைத்து
பழைய சீட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன்.
எட்டு வாரம்.
கூரைத் தகரத்தில் மழை உரலிடித்தது,
பதினோராம் நம்பர் தோட்டத்துப் பாலம் மூழ்கியது,
நானோ
ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுக்கவில்லை.
சாப்பாட்டு நேரத்தில்
அந்த மூலைக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினேன்.

ஜனவரியில் பெட்டிகளை நகர்த்தியபோது
காய்ந்த தோலைக் கிழித்துக்கொண்டு
நாக்கு நுனி.
இலையா மொட்டா தெரியவில்லை.
ஜன்னல் சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.
ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை.
தண்டு வெறும் குழாய்,
உச்சியில் மூடிய கைபோல் ஒன்று.

திறந்தது ஆரஞ்சு.
வெள்ளை இல்லை, கோடு இல்லை,
தொண்டையில் மட்டும் வெளிறிய பச்சை நட்சத்திரம்.
அட்டையை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அட்டையைத் திருப்பியும் பார்த்தேன்.

ஆளில்லாத நேரம் டின்னைத் தூக்கிப்போய்
எடைமேடை நடுவில் வைத்தேன்.
0.
ஐந்து கிலோவுக்குக் குறைந்த எதையும்
அது நம்பியதில்லை.

புல் வெட்டும் ரொபியுல் ஜன்னலில் நின்றான்,
மெஷினை அணைத்தான்.
"அக்கா, இது பழைய லயத்துச் சாக்கடையோரம் நிறைய.
மாசா மாசம் நான்தான் வெட்டுறேன்."
பிறகு, மன்னிப்புக் கேட்பவன்போல,
"வெட்ட வெட்டப் பூக்குது."

மறுநாள் உரச் சாக்கில் கொண்டுவந்தான்.
மண்ணோடு, மண்புழுவோடு,
மெஷின் கத்தி சீவிய மொட்டைக் கழுத்துகளோடு
நாற்பது கிழங்கு.
சாக்கை மேடையில் இறக்கிவிட்டு
அவன் விலகி நின்றான்.
10 என்றது திரை.

சீட்டு அடிக்காமல் எப்படி?
வண்டி எண்: இல்லை.
ஓட்டுநர்: ரொபியுல்.
சரக்கு என்ற இடத்தில்
பழக்குலை, எண்ணெய், கொட்டை, சாம்பல்.
கடைசியில் இருந்தது இதர.
இத்தனை வருஷத்தில் அந்தப் பொத்தானை
நான் அழுத்தியதே இல்லை.
பிரிண்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் துப்பியது.
அவன் நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மேடையின் சரிவோரம் வரிசையாக நட்டோம்,
எல்லாம் கழுத்து வெளியே.
என் டின்னையும் கவிழ்த்தேன்.
பூ உதிர்ந்திருந்தது,
தண்டை நானே நறுக்கியிருந்தேன்.
பாதியில் மழை பிடித்துக்கொண்டது,
மூன்று லோரிகள் ஹார்ன் அடித்தன,
கையில் இருந்ததையெல்லாம் அவசரமாகப் புதைத்தோம்.

அடுத்த மாதம் மெஷினோடு வருவான்.
எங்கே நிறுத்தவேண்டும் என்று
அவனுக்குத் தெரியும்.
பன்னிரண்டு வெள்ளி எது என்றுதான்
எனக்குத் தெரியவில்லை.